நோயாளியின் கையில் ஒரு பிரதி: மருத்துவர்களைக் கேள்வி கேட்ட வரலாறு

ஆரணியில் பட்டு நெய்யும் வீடுகளில் தறிக்குழிக்கு அருகில், பெரும்பாலும் சுவரில் பதித்த மாடத்தில், ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். பெற்றுக்கொண்ட பட்டின் எடை, சரிகையின் அளவு, வாங்கிய முன்பணம், நெய்து கொடுத்த சேலை, கழித்துக்கொண்ட கூலி ஆகியவை அதில் தேதி வாரியாக ஏறியிருக்கும். கொடுத்தவர் பக்கம் ஒன்று, பெற்றவர் பக்கம் ஒன்று என்று இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்றில் பிழை நேர்ந்தால் மற்றது சாட்சி சொல்லும். எழுத்தறிவு குறைந்த முதியவரும் அந்த நோட்டை விட்டுக்கொடுக்க மாட்டார்.

அதே வீட்டில் நோய் பற்றிய ஆவணங்கள் வேறொரு நிலையில் கிடக்கின்றன. ஆணியில் மாட்டிய மஞ்சள் பையொன்றில் மருந்துக் கடைச் சீட்டுகளும், ஓரம் மடிந்த எக்ஸ்ரே படமும், ஒருவராலும் படிக்கவியலாத மருந்துப் பெயர்களும் குவிந்திருக்கும். இன்ன நாளில் இன்ன குறையுடன் வந்தார், இதனைக் கண்டோம், இதனாலேயே இம்மருந்து கொடுத்தோம் என்ற வரிகளை அங்கே தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பட்டின் எடையில் தவறு நேர்ந்தால் நிரூபிக்கக்கூடிய அக்குடும்பம், உடலுக்கு நேர்ந்த தவறை எதைக் காட்டி நிரூபிக்கும்?

மருத்துவரைக் கேள்வி கேட்கும் உரிமை பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் நீதிமன்றத்தில் தொடங்கி நீதிமன்றத்திலேயே முடிகின்றன. நாம் இங்கே அதற்கு முந்திய ஒரு படியைக் கவனிக்க விரும்புகிறோம். விசாரணை நடைபெற வேண்டுமாயின் எழுதப்பட்ட குறிப்பு ஒன்று இருத்தல் வேண்டும். அக்குறிப்பு மருத்துவரின் பிடியில் மட்டும் இருத்தல் போதாது. இந்த உண்மையைப் பழைய முஸ்லிம் உலகின் ஹிஸ்பா நூல்கள் தெளிவாக அறிந்திருந்தன. நமது மாகாணத்தில் 1914இல் பிறந்த சட்டம் அதனை அறியவில்லை. இடைவெளி எவ்வாறு நேர்ந்தது என்பதே நமது கேள்வி.

கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பது வாசகர் அறிந்ததே. எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாகாது. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு நேரலாகாது என்பன அதிலுள்ள விதிகள். வணிகத்துக்குச் சொல்லப்பட்ட இந்த ஒழுக்கம் சந்தையை மேற்பார்வை செய்த முஹ்தஸிபின் பணியில் வடிவம் பெற்றது. அவரது அதிகாரத்துக்குள் எடைக்கற்களும் ரொட்டிக் கடைகளும் வந்தது போலவே மருத்துவர்களும் வந்தனர்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு நஸ்ர் அஷ்ஷைஸரி, முஹ்தஸிபுகளுக்கான தமது கையேட்டில் மருத்துவர்களுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அதில் விவரிக்கப்படும் நடைமுறை வியப்புக்குரியது. மருத்துவர் நோயாளியிடம் நோயின் காரணத்தையும் வலியையும் விசாரிக்கிறார். கொடுக்கும் மருந்துகளைக் குறிக்கிறார். நோயாளி சொன்னதையும் தாம் விதித்ததையும் எழுதி, அங்கிருப்போர் சாட்சியாக, அதன் பிரதியை வீட்டாரிடம் ஒப்படைக்கிறார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் நோயின் போக்கைக் கண்டு இவ்வாறே எழுதிக் கொடுக்கிறார். நோயாளி குணமடைந்தால் மருத்துவர் தமக்குரிய ஊதியத்தைப் பெறுகிறார். இறந்துவிட்டால் வீட்டார் அப்பிரதிகளை ஊரின் தலைமை மருத்துவரிடம் கொண்டுசெல்கின்றனர். சிகிச்சை முறையாகவே நடந்தது என்று கண்டால் அவர் அதனை அறிவிக்கிறார். கவனக்குறைவு தெரிந்தால், சிகிச்சை செய்தவரிடம் இரத்த ஈட்டுத்தொகையைப் பெற்றுக்கொள்ளுமாறு கூறுகிறார்.

இதே கருத்தை இதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவியின் ‘அதபுத் தபீப்’ என்னும் நூலிலும் காண்கிறோம். மருத்துவ ஒழுக்கத்தைப் பற்றி மட்டுமே எழுதப்பட்டு நமக்குக் கிடைத்த மிகப் பழைய அரபு நூல்களுள் அது ஒன்று. இருபது அத்தியாயங்கள் கொண்டது. மார்ட்டின் லெவியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1967இல் வெளிவந்த பின்னரே அறிஞருலகில் பரவலாகப் பேசப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். இவ்விரு நூல்களையும் சான்றாக்கி, இன்றைய மருத்துவத் தணிக்கையை முஸ்லிம்களே கண்டுபிடித்தனர் என்று முழங்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஷைஸரியே இதனைப் பண்டைய கிரேக்க அரசர்களின் வழக்கத்தோடு இணைத்துத்தான் பேசுகிறார்; ருஹாவி முஸ்லிமல்லாத குடும்பத்தில் பிறந்தவர் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஒழுக்க நூல் ஒன்று விதிப்பது அனைத்தும் தெருவில் நடந்துவிட்டதாகக் கொள்வதும் சரியன்று. நமக்கு இந்நூல்கள் தரும் செல்வம் வேறு. மருத்துவரின் குறிப்பு எதற்காக, யாருக்காக எழுதப்பட வேண்டும் என்று அக்காலத்தவர் எண்ணினர் என்பதை அவை காட்டுகின்றன. குறிப்பின் பிரதி நோயாளியின் வீட்டில் தங்குகிறது. அதனைப் படிப்பவர் மற்றொரு மருத்துவர். விசாரணையைத் தொடங்குபவரோ குடும்பத்தார். இம்மூன்றும் ஒரே முறையில் இணைந்திருப்பதை மறுபடியும் காண நாம் நெடுந்தூரம் வர வேண்டியிருக்கிறது.

நடந்த நிகழ்ச்சி வேண்டுவோருக்குப் பாக்தாத் இருக்கிறது. ஹிஜ்ரி 319 (கி.பி. 931) ஆம் ஆண்டில் மருத்துவர் ஒருவரின் தவறால் ஒருவர் இறந்த செய்தி அப்பாஸியக் கலீஃபா அல்முக்ததிரை எட்டியது. ஸினான் இப்னு ஸாபித்தின் தேர்வில் தேறாத எவரும் தொழில் செய்யலாகாது என்று அவர் ஆணையிட்டார். எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்ததாக வரலாறு கூறுகிறது. இப்னுல் கிஃப்தீ இதையொட்டிச் சுவையான ஒரு செய்தியைத் தருகிறார். மதிப்புமிக்க தோற்றமுடைய முதியவர் ஒருவர் வந்து ஸினானின் முன் பொற்காசுகளை வைத்து, தமக்கு எழுதவோ படிக்கவோ தெரியாது, குடும்பம் இத்தொழிலால் பிழைக்கிறது, அதனைத் தடுக்க வேண்டாம் என்று கேட்டாராம். அறியாத நோயில் கை வைக்கக் கூடாது, கடுமையான மருந்தோ குருதி வாங்குதலோ கூடாது என்ற நிபந்தனையில் ஸினான் அவரை விட்டுவிட்டார். தேர்வாளரின் மனிதநேயம் என்று இதனைப் புகழ்வோர் உண்டு. எழுதத் தெரியாதவரின் நோயாளிகளுக்கு எந்தப் பிரதி கிடைத்திருக்கும் என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

முஹ்தஸிப் மருத்துவர்களிடம் வாங்கிய உறுதிமொழியும் கருதத்தக்கது. ஹிப்போகிரட்டஸின் பெயரால் வழங்கிய அதில், நோயாளியின் வீட்டுக்குள் நுழையும்போது அங்குள்ள பெண்களின்மீது பார்வையைச் செலுத்தாமல் தாழ்த்திக்கொள்வதும், இரகசியங்களை வெளியிடாதிருப்பதும், மறைக்கப்பட்டதைத் திறந்து காட்டாதிருப்பதும் அடங்கியிருந்தன. உடலின் வரம்பும் செய்தியின் வரம்பும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதைக் கவனிக்க வேண்டும். நோயாளியின் வீட்டுத் திரையும் நோயாளியின் இரகசியமும் அவர்களுக்கு ஒரே அமானிதத்தின் இரு முகங்களாகவே தோன்றின. பிரதியை வீட்டாரிடம் தருவதற்கும் இரகசியத்தைக் காப்பதற்கும் இடையே இடர்ப்பாடு இருப்பது உண்மையே. வீட்டாருக்கே தெரியக் கூடாத நோய்களும் உண்டு. அந்நூல்கள் இதற்கு விடை தரவில்லை.

இனி நமது பகுதிக்கு வருவோம். ஆரணிக்கு அருகிலுள்ள ஆற்காடு நவாபுகளின் தலைநகராக விளங்கியது. யூனானி ஹகீம்கள் இப்பகுதியில் மதிப்புடன் வாழ்ந்தனர். ஹகீம்களின் குடும்பங்களில் ‘பயாஸ்’ எனப்படும் கையேடுகள் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தன. அனுபவத்தில் தேறிய மருந்து முறைகள் அவற்றில் பதியப்பட்டன. பயாஸ் மருந்தின் வரலாறு. நோயாளியின் வரலாறாக அது அமையவில்லை. ராஸீ (இ. 925) கண்ட நோயாளிகளைப் பற்றி அவருடைய மாணவர்கள் தொகுத்த ஏறத்தாழ 900 குறிப்புகள் நமக்குக் கிடைத்துள்ளன என்ற உண்மையோடு இதனை ஒப்பிட்டால், மரபு தன் சிறந்த பழக்கமொன்றை வழியில் தவறவிட்டது புலப்படும். நாம் இதனைக் குறையாகவே சொல்கிறோம். குடும்பச் சொத்தாகக் காக்கப்பட்ட மருந்து முறை, விசாரிப்பவர் எவருக்கும் திறக்கப்படாத ஏடாகவும் இருந்தது.

மேலை மருத்துவம் இப்பகுதிக்கு ஆற்காடு மிஷனின் வழியாக வேரூன்றியது. இராணிப்பேட்டையில் 1866இல் ஸைலஸ் ஸ்கடர் மருத்துவமனை தொடங்கினார். அக்குடும்பத்தில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடரின் வரலாற்றில், திண்டிவனத்தில் ஓர் இரவு பிராமணர் ஒருவரும் முஸ்லிம் ஒருவரும் மற்றொரு இந்துவும் தத்தம் மனைவியரின் பிரசவத்துக்கு அவரது உதவியை நாடி வந்த செய்தி நன்கறியப்பட்டது. மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா சொன்னபோது, ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் மறுத்தனர். மூன்று பெண்களும் இறந்தனர். அதன் விளைவாகவே அவர் மருத்துவம் பயின்று, 1900இல் வேலூரில் பணியைத் தொடங்கினார். கோஷாவின் கொடுமைக்குச் சான்றாக இந்நிகழ்ச்சி ஆயிரம் முறை சொல்லப்பட்டுவிட்டது. அதனை நாம் மறுக்கவில்லை. மூன்று உயிர்கள் போயின. எனினும் இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்நிய ஆண் ஒருவரை நம்பி வீட்டின் உட்புறத்தை ஒப்படைப்பதற்கு எந்த உத்தரவாதமும் அவர்களுக்குக் காட்டப்படவில்லை. மருத்துவரின் நடத்தைக்குப் பொறுப்பேற்கும் சபை எதுவும் அன்றைய சென்னை மாகாணத்தில் இல்லை. நம்பிக்கைக்குரிய வேறு ஏற்பாடு இல்லாத இடத்தில் திரை மட்டுமே ஏற்பாடாக இருந்தது.

இந்த அச்சத்தை மதித்துப் பதில் தேடியவர்களும் இருந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்கள் பயில வேண்டுமென வாதாடிய எட்வர்ட் பால்ஃபர், உருதுவும் பாரசீகமும் அறிந்தவர். சென்னை அருங்காட்சியகத்தைத் தொடங்கியவர். அக்கல்லூரியில் 1875இல் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப், 1885இல் கோஷாப் பெண்களுக்கென மருத்துவமனை நிறுவினார். அது பிற்காலத்தில் திருவல்லிக்கேணியின் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாயிற்று. பெயர் மாறிய பின்னரும் சென்னைவாசிகள் அதனைக் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே அழைத்துவந்தனர்.

மருத்துவர்களின் நடத்தையை விசாரிக்கும் சட்டம் 1914இல் வந்தது. அவ்வாண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் ஒரு கவுன்சிலையும் ஒரு பதிவேட்டையும் ஏற்படுத்தியது. இழிவான தொழில் நடத்தைக்காகப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் கவுன்சிலுக்குக் கிடைத்தது. இங்கிலாந்தின் 1858ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த சொல் அது. அச்சொல்லுக்கு விளக்கம் தந்து புகழ்பெற்ற 1894ஆம் ஆண்டின் அலின்ஸன் வழக்கு எதைப் பற்றியது? நோயாளியைக் கெடுத்ததைப் பற்றியதன்று. தம்மை விளம்பரப்படுத்தி, சக மருத்துவர்களைப் பழித்ததற்காகவே அம்மருத்துவர் நீக்கப்பட்டிருந்தார்.

சென்னையிலும் காற்று அத்திசையிலேயே வீசியது. 1910களின் நடுவில், ஆயுர்வேத நிறுவனங்களோடு தொடர்பு கொண்ட பதிவு பெற்ற மருத்துவர்கள் பம்பாயிலும் சென்னையிலும் கவுன்சில்களின் நடவடிக்கைக்கு உள்ளாயினர். பம்பாயில் ஒருவரின் பெயர் நீக்கவும் பட்டது. ஆக, ஒழுங்கு நடவடிக்கை என்ற புதிய ஆயுதம் முதலில் காத்த வரம்பு மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலானதன்று. பட்டம் பெற்றவருக்கும் வைத்தியர், ஹகீம்களுக்கும் இடையிலானது. இதுவே அச்சட்டத்தின் பிறவிக்குறை என்று நாம் கருதுகிறோம். நோயாளியின் குறிப்பை எழுதி வைப்பது பற்றி அது எதுவும் விதிக்கவில்லை.

பதிவேட்டுக்கு வெளியே விடப்பட்டோரின் நிலையை ஆராய 1921இல் சென்னை அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கான் பகதூர் முஹம்மது உஸ்மான். பின்னாளில், 1934இல், மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்தவர். கேப்டன் ஸ்ரீநிவாசமூர்த்தி குழுவின் செயலாளர். 1923இல் வெளிவந்த உஸ்மான் குழு அறிக்கை, நாட்டு மருத்துவர்களுக்கு முறையான கல்வியும் பதிவும் வேண்டுமென்றது. 1920களின் நடுவில் சென்னையில் தோன்றிய அரசு இந்திய மருத்துவப் பள்ளியில் ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றும் கற்பிக்கப்பட்டன. முஹம்மது உஸ்மானை நமது சமுதாயம் அரசியல்வாதியாகவே நினைவில் வைத்திருக்கிறது. ஹகீமையும் பொறுப்புக்கு உட்பட்ட தொழிலராக்க முயன்றவர் என்ற வகையில் அவர் இன்னும் உரிய கவனம் பெறவில்லை.

விடுதலைக்குப் பின் 1956இல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. அடுத்த நாற்பதாண்டுகளை விரைந்து கடக்கலாம். திருப்பம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1994இல் கூறியதை, இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 நவம்பரில் மாற்றியமைத்தது. கட்டணம் பெற்றுச் செய்யும் சிகிச்சை சட்டத்துக்குள் வந்தது. அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை வெளியே நின்றது. ஆரணியின் ஏழை நெசவாளிக்கு இதன் பொருள் எளிது: அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர் நுகர்வோர் மன்றத்தின் கதவைத் தட்ட இயலாது, அவருக்கு மிஞ்சியிருப்பவற்றுள் மருத்துவக் கவுன்சில் முக்கியமானது.

அக்கவுன்சில் 2002இல் வெளியிட்ட நடத்தை விதிகளில்தான், ஷைஸரி சொன்னதன் நிழல் மீண்டும் தெரிகிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோரின் பதிவுகளை மூன்றாண்டுகள் காக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மருத்துவச் சான்றிதழ்களுக்குத் தனிப் பதிவேடு வேண்டும். பதிவுகளைப் பேணாமையும் தர மறுப்பதுமே தொழில் முறைகேடு. தொழில் நிலையைப் பயன்படுத்தி நோயாளியிடம் தகாத உறவு கொள்வதும், தொழிலில் அறிந்த இரகசியத்தை வெளியிடுவதும் அதே பட்டியலில் இடம்பெற்றன. உடலின் வரம்பும் செய்தியின் வரம்பும் குறிப்பும் மறுபடியும் ஓரிடத்தில் சேர்ந்தன.

ஆயினும் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். மூன்றாண்டு விதி தங்கிச் சிகிச்சை பெறுவோருக்கு மட்டுமே உரியது. காலையில் கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு தறிக்குத் திரும்பும் புறநோயாளி அதில் இல்லை. நெசவாளரின் மருத்துவ வாழ்வில் பெரும்பகுதி இத்தகைய சந்திப்புகளே. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் ஒருவருக்குத் தரப்படும் மருத்துவமனை எண் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்கிறது. தெருமுனைக் கிளினிக்கில் அவருக்குப் பெயர் கூட இருப்பதில்லை.

வரம்பு பற்றிய சட்டத் தெளிவு 2008இல் வந்த சமீரா கோஹ்லி வழக்கில் கிடைத்தது. பரிசோதனைக்காக மட்டும் சம்மதித்து மயக்கமருந்து பெற்ற பெண்ணின் கருப்பையும் சினைப்பைகளும், வெளியே இருந்த தாயின் சம்மதத்தோடு அகற்றப்பட்டன. வயதுவந்த, சுயமாக முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்காகத் தாய் சம்மதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ், இ. 1350) இதே வினாவை எழுப்பியிருக்கிறார். திறமையுள்ள மருத்துவர், உரியவரின் அனுமதியின்றி அறுத்துத் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? அனுமதியற்ற செயலின் விளைவு என்பதால் மருத்துவரே பொறுப்பு என்று தமது மத்ஹபின் அறிஞர்கள் கூறியதை எடுத்துரைத்துவிட்டு, நன்மை நாடிச் செய்தவர்மீது பொறுப்பு சுமத்தலாமா என்ற மறு சிந்தனையையும் அவர் முன்வைக்கிறார். அக்கேள்வியின் நேர்மை நம்மைக் கவர்கிறது. நல்லெண்ணம் உள்ள மருத்துவரையே அவர் மனத்தில் கொண்டிருந்தார். சமீரா கோஹ்லியின் மருத்துவரும் நோயாளியின் நன்மைக்காகவே செய்ததாக வாதிட்டார்.

பழைய கவுன்சிலுக்குப் பதிலாக, 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய மருத்துவ ஆணையம் 2020 செப்டம்பரில் பொறுப்பேற்றது. 2002 விதிகளில் 2004இல் சேர்க்கப்பட்ட திருத்தம், மாநிலக் கவுன்சிலின் முடிவால் பாதிக்கப்பட்ட எவரும் மேல்முறையீடு செய்யலாம் என்றிருந்தது. புதிய சட்டத்தின் 30ஆம் பிரிவு மருத்துவரின் மேல்முறையீட்டை மட்டுமே பேசுகிறது. புகார் தந்த குடும்பத்தைப் பற்றி மௌனம் காக்கிறது. ஷைஸரியின் முறையில் விசாரணையைத் தொடங்கியதே குடும்பம்தான்.

2023 ஆகஸ்ட் 2 அன்று வெளியான புதிய நடத்தை விதிகளில் புறநோயாளி முதன்முறையாக இடம்பெற்றார். தனியாகத் தொழில் செய்யும் மருத்துவர், தங்கிச் சிகிச்சை பெறுபவரானாலும் புறநோயாளியானாலும், கடைசிச் சந்திப்பிலிருந்து மூன்றாண்டுகள் பதிவுகளைக் காக்க வேண்டும் என்றது அவ்விதி. கேட்பவருக்குப் பதிவு தரும் கெடு மட்டும் 72 மணி நேரத்திலிருந்து ஐந்து வேலை நாட்களாக நீண்டது. மருந்துகளை மூலப்பெயரில் எழுத வேண்டுமென்ற வேறொரு விதியின்மீது எழுந்த எதிர்ப்பின் நடுவே, அதே மாதம் 23ஆம் நாள், அத்தொகுப்பு முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டது; 2002 விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. புறநோயாளியின் பெயர் மூன்று வாரங்கள் மட்டுமே சட்டத்தில் நின்றது. அம்மூன்று வாரங்களிலும் ஆரணியின் தறி வீடுகளில் பட்டின் எடையும் சரிகையின் அளவும் வழக்கம்போல் நாள்தவறாமல் நோட்டில் ஏறிக்கொண்டிருந்தன.